இடது கை வீக்கமும் என் வீட்டுக்காரரும்

மார்ச் 4, செவ்வாய்

வீங்கியிருப்பது இடது கை. அந்தப் பிசியோதெரபிப் பெண் தடவுவது கழுத்தை. கேட்டால் நிணநீர் வடிப்புச் சிகிச்சையாம். மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள், அதனால் கையில் நீர் தேங்குகிறது – இதுவரை புரிகிறது. ஆனால் அமுக்காமல், பிசையாமல், பூனைக்குட்டியை வருடுவதுபோல வருடிவிட்டு "முடிஞ்சிருச்சுக்கா" என்றால்? ரயிலில் பதினெட்டு வருடமாக டிக்கெட் பரிசோதிக்கிறேன். என் காதிலேயே பூ சுற்றுகிறாள்.

மார்ச் 7, வெள்ளி

"கை இங்க இருக்கும்மா" என்று நீட்டியே காட்டினேன். சிரித்தாள்.

"வாசல்ல நிக்கறவங்க இறங்கினாத்தானே உள்ள இருக்கறவங்க நகர முடியும்? அதான் கழுத்துல ஆரம்பிக்கறேன்."

ரயில் உதாரணம், எனக்கே! என் வேலையை விசாரித்து வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. நம்புவதாக இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சீருடைக் கோட்டுக்குள் கை நுழைந்தது. கோட்டுதான் துவைத்துத் துவைத்துத் தளர்ந்திருக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று புதிதாக ஒன்று. "வீட்டுல யாராவது கத்துக்கணும்க்கா. தினமும் செய்யணும், முதுகுப் பக்கம் உங்களுக்கு எட்டாது." தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் முன்னறையில் படுக்கிறார். "தூக்கத்துல உன் கை மேல விழுந்துட்டா?" என்கிறார். நான் உடை மாற்றினால் எழுந்து வெளியே போகிறார். அருவருப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாமே. சாக்குச் சொல்கிற ஆட்களை நான் பார்த்ததில்லையா?

"வீட்ல யாருமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

போனால், எனக்கு முன்னால் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்! அவள் எங்கள் வீட்டுக்கே போன் செய்திருக்கிறாள். என்னைவிடப் பெரிய பரிசோதகர்.

பேக்கரியில் வேலை பார்க்கிற கை. "மாவு இல்லண்ணா, தோலை மட்டும் நகர்த்துங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். நான் முழங்கை வரைதான் காட்டினேன். மீதியைத் தலையணையில் கற்றுக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் செய்தார். நான் சட்டைப் பொத்தானில் கை வைத்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டார். முடியும்வரை திறக்கவில்லை.

"ஏன் இப்படி?"

"அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. கண்ண மூடினா விரலுக்கு நல்லாத் தெரியுமாம்."

மார்ச் 21, வெள்ளி

அவளிடம் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லலியேக்கா" என்றாள்.

பொய். கையும் களவுமா மாட்டிக்கிட்டார். எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் – பிடிச்சிட்டு நானே அழுதது இதுதான் முதல் தடவை. கழிப்பறைக்குள்ள போய் நின்னு அழுதேன்.

மார்ச் 22, சனி

கேட்டேவிட்டேன். "என்னப் பாக்கவே புடிக்கலையா?"

அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. "கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, இனிமே இதப் பாக்கவே கூடாது, சத்தியம் பண்ணுங்கன்னு நீதானே கத்தினே? பண்ணினேன்ல?"

எனக்கு நினைவே இல்லை. அன்று இருந்த வலியில் சொல்லியிருப்பேன்.

"அப்ப எதுக்குப் பொய்?"

"அத ஞாபகப்படுத்தினா மறுபடி அழுவியேன்னுதான்."

நம்பலாமா? முகத்தை உற்றுப் பார்த்தேன். டிக்கெட் வைத்திருக்கிறவர் முகம்தான்.

மார்ச் 23, ஞாயிறு

ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் படுத்தேன். "சத்தியம் வாபஸ். பாருங்க" என்றேன்.

சொன்னது நான், கண்ணை மூடிக்கொண்டதும் நான். கழுத்தில் ஆரம்பித்து நெஞ்சுக்கு வந்தார். தழும்பை ஒட்டி விரல் ஒரு நொடி நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. பிறகு விரல் நகர்ந்தது, அதே நிதானத்தோடு.

சந்தேகம் என்னை விடுமா? ஒரு கண்ணை லேசாகத் திறந்து வேவு பார்த்தேன்.

மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.