சடங்கு வீடியோவில் அண்ணாவின் முகம்

நவம்பர் 9, திங்கள்

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகவில்லை. உண்மையாகவே குத்துகிறது.

அம்மா படுத்த பிறகு குளியலறையில் இருந்து எழுதுகிறேன். பெயர் எழுதப் பயம். அ. என்றால் அண்ணா. போன கிழமை கொழும்பில், நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் ஆமிச் சுற்றிவளைப்பு. "விசாரிச்சிட்டு விடுவம்" என்று அ.வைக் கொண்டுபோனார்கள். சாரத்தோடு நின்றவன், நீலச் சேட்டைக் கொழுவிக்கொண்டு போனான். இன்னும் வரவில்லை.

அம்மாவும் மாமாவும் இன்றும் அலைச்சல். எந்தப் பொலிஸ், ஆமிக் காம்ப் வாசலிலும் ஒரே கேள்வி: போட்டோ எங்கே?

போட்டோ இல்லை. அடையாள அட்டை அவனோடு. அல்பம் யாழ்ப்பாணத்தில், பூட்டிவிட்டு வந்த வீட்டில். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததெல்லாம் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்டிடம். அவருடைய போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

இரவு பாணும் சம்பலும். ஒருவரும் சாப்பிடவில்லை. அம்மா திடீரென்று, "இவளின்ரை வீடியோ இருக்கெல்லே."

நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு வீடியோ. கனடாச் சித்திக்காக எடுத்தது. யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது என்று அழுது, அலுமாரிக்கு அடியில் நானே ஒளித்து வைத்தது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 10, செவ்வாய்

வெயில், பிறகு மழை. மாமா வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்தார். டிவி வீட்டுக்கார அன்ரியுடையது, ஆகவே அன்ரியும் வந்து இருந்துவிட்டா.

அன்ரி: "என்ன வடிவான சீலை! எங்கை எடுத்தது?"

திரையில் நான், குனிந்த தலையோடு, கழுத்து நிறைய இரவல் நகை. பார்க்க முடியவில்லை. மாமா பக்கத்திலிருந்து பார்ப்பது இன்னும் வெட்கம்.

அ.வைக் காணவில்லை. இருக்கிறான், முகம் இல்லை. முதுகு. தாம்பாளம் தூக்கும் கை. தூணுக்குப் பின்னால் பாதிக் காது. கமரா திரும்பினால் அவனும் திரும்புவான்.

மாமா: "இவன் ஏன் கள்ளன் மாதிரி ஒளிக்கிறான்?"

அம்மா: "நான்தான் சொன்னனான். வீடியோ ஆரின்ரை கையிலை போகுமோ, முகத்தைக் காட்டாதை எண்டு." பிறகு வாயைப் பொத்திக்கொண்டா.

எனக்குத் தெரியும் ஒரு இடம். வீடியோ முடிகிற பக்கம். வீடியோக்காரர் "தங்கச்சி, கொஞ்சம் நிமிருங்கோ" என்று கெஞ்சிக் களைத்தபோது அ. வந்து என் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, கமராவைப் பார்த்து, "இப்ப எடுங்கோ!" என்கிறான். அவ்வளவுதான். உடனே போய்விடுகிறான்.

நிறுத்தினோம். படம் நடுங்கியது. அவன் கண்ணுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. மாமா தன் கமராவால் டிவியைப் படம் எடுத்தார். பளிச், பளிச். ஒரு ரோல் முழுக்க.

நவம்பர் 11, புதன்

ரோல் கழுவி வந்தது. அ. ஒன்றிலும் இல்லை. பிளாஷ் கண்ணாடியில் பட்டு, நடுவில் வெள்ளைக் குண்டு. அதைச் சுற்றி நாங்கள்தான் தெரிகிறோம். மாமாவின் கமரா. வாயில் கையோடு அம்மா. ஓரத்தில் பேய் மாதிரி நான்.

அன்ரி: "உங்கடை குடும்பப் படம் நல்லா வந்திருக்கு." பகிடிதான். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம், அவவும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தா.

கணிதப் பயிற்சி செய்யவில்லை.

நவம்பர் 12, வியாழன்

மாமாவோடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவுக்கு. கசெட் பாண் பையில். பஸ்ஸை மறித்துச் சோதனை. ஆமிக்காரன் கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமா "வெடிங், வெடிங்" என்றார், கலியாண வீடியோ என்று. விட்டான்.

ஸ்டூடியோக்காரர் மலையகம், தலவாக்கலைப் பக்கத்து ஆள். முதலில் மாட்டேன் என்றார். "பொலிஸ் விவகாரமெல்லாம் நமக்கு வேணாங்க. போன மாசந்தான் கடையைக் கொடஞ்சு பாத்துட்டுப் போனானுங்க."

மாமா கசெட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றார். நானும். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு கடைக் கதவுப் பலகையைப் போட்டார். "எடுத்துத் தாறேன். ஆனா படத்துக்குப் பின்னால கடை சீல் குத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

விளக்கு அணைத்து, பிளாஷ் இல்லாமல், கமராவை முக்காலியில் நிறுத்தினார். டெக் பொத்தான் என் கையில். கோடு கண்ணை விட்டு நெற்றிக்கு ஏறும்வரை நிறுத்தி, விட்டு, நிறுத்தி. "ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க தங்கச்சி, டேப் தேஞ்சுரும்." ஒவ்வொரு தடவையும் அ. "இப்ப" என்று வாய் திறந்தான்.

நான் அழுதுகொண்டே கேட்டேன், என்னை வெட்டிவிடச் சொல்லி. இந்தச் சீலையோடு என் முகம் காம்பில் கண்டவன் கையிலும் போகக் கூடாது.

"சரி. ரெண்டு விதமாவும் அடிச்சு வைக்கிறேன்."

நவம்பர் 14, சனி

படம் வந்தது. வெட்டியதில் அ. மட்டும், கை ஓரத்தில் அறுந்து நிற்கிறது. முழுப்படத்தை என் சிங்களப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

புதுப் பிரச்சினை. படத்தில் அவனுக்கு மீசை இல்லை, இப்போது உண்டு.

மாமா: "பென்சிலாலை கொஞ்சம் போட்டுவிடுவம்."

அம்மா: "ஐயோ, கீறின முகத்தையோ குடுக்கிறது?"

"அக்கா, சின்னப் பெடியன் எண்டு திருப்பி விடுவாங்கள். பிள்ளை, நீ சொல்லு, மீசை எவ்வளவு தடிப்பு?"

தினமும் பார்த்த முகம். சொல்லத் தெரியவில்லை. மாமாவே கீறினார். யாரோ ஒருவன் மாதிரி ஆனான்.

நவம்பர் 16, திங்கள்

மழை. பள்ளிக்கூடம் போனேன். ஒன்றும் ஏறவில்லை.

காம்ப் வாசலில் இருந்த ஆமிப் பெரியவர் படத்தை வாங்கி, கட்டைவிரலால் தேய்த்தாராம். மீசை கன்னத்துக்குப் போய்விட்டது. "இது கீறின படம். நல்லது இருந்தால் கொண்டுவா" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

அம்மா கதிரையில் அப்படியே இருந்தா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமா சுவரைப் பார்த்து, "என்ரை பிழைதான்" என்றார்.

சிங்களப் புத்தகத்தைத் திறந்து முழுப்படத்தை அம்மாவின் மடியில் வைத்தேன்.

"நீ வேண்டாம் எண்டனியெல்லோ, பிள்ளை."

"கொண்டு போங்கோ."

அம்மா படத்தைக் கைப்பைக்குள் வைத்தா.

நவம்பர் 17, செவ்வாய்

அம்மா இருட்டிய பிறகுதான் வந்தா. வந்ததும் தண்ணீர் கேட்டா. மாமாதான் சொன்னார்.

அதே பெரியவர். படத்தைப் பார்த்து "நங்கித?" என்று கேட்டாராம், தங்கச்சியா என்று. அம்மா ஓம் என்று தலையாட்ட, படத்தோடு உள்ளே போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை. வந்து, "இன்னவா" என்றாராம். இருக்கிறான். பெயர்ப் பட்டியலில் பிழையாக எழுதியிருக்கிறதாம். படத்தை அவனிடமே காட்டினாராம்.

"என்ன சொன்னவனாம்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லேல்லையாம். உன்னைப் பாத்திட்டுச் சிரிச்சவனாம்."

எப்போது விடுவார்கள் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை ஒரு சேட் கொண்டுவரச் சொன்னார்களாம்.

படத்தைத் திருப்பித் தரவில்லை. அ.விடம் இருக்கிறதா, அந்த ஆளின் மேசையில் கிடக்கிறதா என்று மாமாவுக்கும் தெரியவில்லை. கேட்கப் பயமாம். அதில் அந்தச் சீலையோடு என் முகமும் இருக்கிறது.

நாளை டெக் திருப்பிக் கொடுக்க வேண்டும். விஞ்ஞானச் சோதனை, ஒன்றும் படிக்கவில்லை. அம்மா அலுமாரியைத் திறந்து, வீடியோவில் அவன் போட்டிருந்த சேட்டை எடுத்து வைத்திருக்கிறா. அது இப்போது அவனுக்குத் தோளில் இறுக்கும். காலையில் சொல்ல வேண்டும்.