படம் உடைந்தால் மழை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உன் பொய்களையும் விடமாட்டேன்.

இன்று பின்னேரம் டீவியில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. முற்றத்துக் கருவாட்டு வாசத்தோடு உன் ஞாபகம் வந்தது.

படிக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் டீவி போடக்கூடாது. மீன் காயும் நாட்களில் மட்டும் உம்மாவே போட்டுவிடுவார். களப்புப் பக்கமிருந்து மழை வந்தால், முற்றத்தில் துளி விழுமுன்பே கூரையிலுள்ள டிஷ்ஷுக்குத் தெரிந்துவிடும். "மாமி, படம் போச்சி! மீன அள்ளுங்க!" என்று, பக்கத்து வீட்டிலிருந்து டீவி பார்க்க வந்திருக்கும் நீ என் உம்மாவிடம் கத்துவாய். மீன் காயும் பாயின் இரண்டு முனைகளை நீ பிடிக்க, மற்ற இரண்டையும் நான் பிடிப்பேன். ஒரு முகிலும் இல்லாத நாளில்கூட, "மீனுக்குக் காவல் இருக்கிறம் மாமி" என்று நாடகம் பார்ப்பாய்.

செய்மதியிலிருந்து வரும் அலை வெறும் வெளியில் சேதமில்லாமல் வருகிறது, கடைசியில் மழைத்துளிகள்தான் அதை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன என்று விஞ்ஞான டீச்சர் சொன்னார். "அவ்வளவு தூரம் வந்திட்டு எங்கட வாசல்லயா டீச்சர் காணாமப் போகுது?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது.

யுத்தம் முடிந்ததும் உன் வாப்பா, முன்பு விட்டுவிட்டு ஓடிவந்த மன்னார்ப் பக்கத்துக் காணியைத் துப்புரவாக்கிவிட்டு வந்தார். இங்கே ஆலங்குடாவில் பிறந்த நீ, "ஊருக்குத் திரும்பிப் போறமாம். நான் பார்க்காத ஊருக்கு," என்றாய்.

அலுமாரி, மெத்தையெல்லாம் ஏற்றி, நீ லொறியில் ஏறிய நேரம் எங்கள் டீவியில் படம் உடைந்தது. நான் முற்றத்துக்கு ஓடினேன். நீயும் குதித்து ஓடிவந்தாய். பாயை உள்ளே வைத்தபோது டிரைவர் ஹோன் அடித்தார். "அங்க கரண்ட் வந்ததும் டிஷ் பூட்டுவம். வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீயும் பாரு, நானும் பார்ப்பேன்," என்று மீன் வாடைக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாய்.

நீ தந்த நம்பர் வேலை செய்யவில்லை. நம் நாடகம் முடிந்து வேறொன்று வந்துவிட்டது. அதையும் வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிறேன். இங்கே படம் உடைந்தால், அங்கே மழையில்லாமல் நீ மிச்சத்தைப் பார்த்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்றும் இரண்டு முனைகளை மட்டும்தான் பிடித்துத் தூக்கினேன். மீனெல்லாம் மறுபக்கம் மணலில் கொட்டியது. "நாலையும் சேர்த்துப் பிடி புள்ள, எத்தன தரம் சொல்ற?" என்று உம்மா ஏசினார்.

உங்கள் ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டதா? இங்கே உம்மா படுக்கச் சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்.