இரண்டாவது தடவை வாங்கிய கிழங்கு

தம்பி,

இன்று காலை சேம்பங்கிழங்குப் பெட்டிகள் வந்து இறங்கின. மூடியைக் கழற்றியதும் ஈரமண் வாசம் முகத்தில் அடித்தது. பெரியதாக, காயம் படாததாக மூன்றைப் பொறுக்கிக் கல்லாவுக்குக் கீழே தனியாக வைத்த பிறகுதான், யாருக்காக எடுத்து வைக்கிறேன் என்று யோசித்தேன். நீ போய் நான்கு மாதமாகிறது. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. மூன்றையும் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ முதன்முதலில் லண்டன் நோர்பரியில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்த அன்று என் மனைவி கல்லாவில் இருந்தாள். "இஞ்ச ஒருக்கா வாங்கோப்பா, கதவளவில ஒரு ஆள் நிக்கிறார்" என்று உள்ளே குரல் கொடுத்தாள். கதவளவு ஆள் பூனைக்குட்டிக் குரலில் சேம்பிலை இருக்கிறதா என்று கேட்டார். பசிபிக் கடலில் இருக்கும் உங்கள் டொங்காத் தீவில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், இறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் அந்த இலையில் கட்டி அவித்துச் சாப்பிடுவீர்களாம். டின்னில் அடைத்த மாட்டிறைச்சியும் கேட்டாய். நான் சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு டின்னை வேறு கடையில் வாங்கி, என் கடைக்கு வரும்போது ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வருவாய். டின்னின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். நான் பார்க்காதது போல இருப்பேன்.

மற்ற வாடிக்கையாளர்கள் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் "அண்ணை" என்று கூப்பிடப் பழகினாய். மீதியெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் கேட்டதில், நினைவில் உன் பேச்சு எனக்குத் தமிழிலேயே வருகிறது.

நாட்டுக்கு ரக்பி ஆடிய ஆள் நீ என்பதை நீயாகச் சொல்லவில்லை. வெங்காயப் பையோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் உன்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, ரசீதின் பின்பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாய். பதினேழு வயதில் டொங்காவிலிருந்து சிட்னிக்குக் கூட்டிப் போனார்கள். பிறகு வடக்கு இங்கிலாந்தில் எந்நேரமும் மழை பெய்யும் ஒரு ஊரில் ஏழு குளிர்காலம். முப்பது தாண்டியதும் லண்டன் கிளப். நடுவில் டொங்கா கூப்பிட்ட போதெல்லாம் போய் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டிருக்கிறாய். உன் சம்பளத்தில் தங்கைகள் படித்தார்கள், தேவாலயத்துக்குக் கூரை ஏறியது. ஊர்ப் பெயர்களை மாற்றினால் அது என் கதைதான். நானும் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கி, உடம்பை விற்றுத்தான் இந்தக் கடைக்கு முதல் போட்டேன். நான் விற்றது முழங்காலை.

ரக்பி லீக் எனக்கு விளங்கவில்லை. முன்வரிசைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"முட்டுவன். விழுவன். எழும்பித் திரும்பவும் முட்டுவன், அண்ணை."

"முட்டாமச் சுத்திப் போக ஏலாதோ?"

"சுத்திப் போறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம். பேப்பரில படம் வாறது அவையின்ரதான்."

ஒருநாள் கைபேசியில் ஒரு ஆட்டத்தைக் காட்டினாய். உன் நாட்டுக்காக நீ ஆடியவற்றிலேயே சிறந்தது என்று எல்லோரும் சொன்ன ஆட்டம். தொடங்கிப் பத்து நிமிடத்தில் உன் தலை இன்னொருவனின் இடுப்பில் மோதியது. விழுந்து கிடந்தாய். எழுந்து ஒரு பக்கமாகத் தள்ளாடினாய். பிறகு ஒரு மணி நேரம் மாடு போல முட்டிக்கொண்டு ஓடினாய்.

"விழுந்தாப் பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. நானும் உங்களை மாதிரி வீடியோவிலதான் பார்த்தனான்" என்றாய். நீ சிரித்தாய். நான் உன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு வந்து மூன்று கிழங்கும் இரண்டு தேங்காயும் வாங்கினாய். "தேங்காயை மறந்தா மெலே வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று உன் மனைவியைச் சாட்டிப் பகிடி விட்டாய். நான்கு மணிக்குத் திரும்ப வந்தாய். அதே மூன்று கிழங்கு, அதே இரண்டு தேங்காய், அதே பகிடி. நீ வெளியே போனதும் என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவர் காலமையும் வந்தவரெல்லே?"

"ஓம்."

"கேட்டிருக்கலாமே."

"பேசாம இரும். சாமான் வாங்கிற ஆளை ஏனெண்டு கேட்டா, அடுத்த கிழமை வேற கடைக்குப் போயிடுவினம்."

அது என் கடைச் சட்டம். எங்கள் சனம் கோயிலில் கேட்கும், கலியாண வீட்டில் கேட்கும்: விசா சரிவந்ததா, மகளுக்கு எங்கேயாவது பேசுகிறீர்களா, ஏன் மெலிந்து போனீர்கள் என்று. கடை ஒன்றுதான் யாரும் எதுவும் கேட்காத இடம். நான் அப்படித்தான் கடையை வளர்த்தேன். முதல்நாள் உன் வீட்டில் விருந்தாக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் இரண்டு தடவை வந்தாய். அதற்கடுத்த மாதமும். யார் எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார் என்பதைக் கவனிப்பதுதான் என் பிழைப்பே. எனக்குத் தெரியாமல் போகவில்லை, தம்பி. தெரிந்துகொண்டே கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலம்தான் டொங்கா உன்னைக் கடைசியாகக் கூப்பிட்டது. ஓடி வந்து சொன்னாய். கைகுலுக்கினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து, அப்போதுதான் செய்தி கிடைத்தது போல அதே மூச்சிரைப்போடு சொன்னாய். அப்போதும் கைகுலுக்கி வாழ்த்தினேன்.

நீ போனாய், முட்டினாய், வந்தாய். மறுபடி லண்டன் கிளப்புக்கும் ஆடினாய். அந்தப் பருவம் முடிந்துதான் நிறுத்தினாய். முழங்கால் என்று சொன்னாய், நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒருநாள் மெலே தனியாக வந்தார். உங்கள் கராஜில் பழைய துவாய்களுக்கு அடியில் கிழங்குகள் குவிந்து கிடந்தனவாம். சில முளைவிட்டு, சில அழுகி. வீட்டுக்குப் போய்க் குசினியில் முதல் பையைக் கண்டதும் இரண்டாவது பையை ஒளித்திருக்கிறாய். ஆக, உனக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து பயந்திருக்கிறாய்.

"தலையில பட்ட அடியாலதானாம் இந்த மறதி. எப்ப தொடங்கினதெண்டு டொக்டர் கேக்கிறார். அண்ணை, நீங்கள் ஏதும் கவனிச்சனீங்களோ?" என்று மெலே கேட்டார்.

"இல்லையே" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்!

கடைசி இரண்டு வருடம் நீ சட்டன் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். உடம்பு பாதியாகியிருந்தது, கை மட்டும் அதே கை. ஒரு ஞாயிறு என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தாய். "அண்ணை, டொங்கா கூப்பிட்டிருக்கு" என்றாய். மூன்றாவது தடவையும் வாழ்த்தினேன். வேறென்ன செய்ய?

நாற்பத்து நான்கு வயதில் உன்னை அடக்கம் செய்தோம். உங்கள் ஆட்கள் உங்கள் துக்க வழக்கப்படி கறுப்பு உடுப்புக்கு மேல் இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு பாடினார்கள். ஆண்கள் அடிக்குரலில் பாடும்போது நான் இருந்த தேவாலய மரவாங்கு அதிர்ந்தது. முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. மெலே எனக்கென்று ஒரு தட்டில் உணவு போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "எனக்கு முதலே தெரியும், மெலே. அவர் ஆட்டத்தை விடுறதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னமே தெரியும்."

அவர் அழவில்லை, ஏசவுமில்லை. கணக்குப் பார்ப்பது போல எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"பதினாறு ஆட்டம்" என்றார். "அந்த ஒரு வருஷத்தில பதினாறு ஆட்டம் ஆடினவர்."

தட்டை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மெலே கடைக்கு வரவில்லை. தோர்ன்டன் ஹீத்தில் வேறொரு கடையில் வாங்குகிறாராம்.

நான் வாய் திறந்திருந்தால் நீ கேட்டிருப்பாயா? என்னைத் தூக்கி வெங்காயத்துக்குள் எறிந்திருப்பாய். டாக்டர் நிறுத்தியிருப்பாரா, நிறுத்தியிருந்தால் நீ இன்று இருப்பாயா? தெரியாது, நான் மரக்கறிக்காரன். ஆனால் அந்த முடிவு உன்னுடையதாகவோ மெலேயுடையதாகவோ இருந்திருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று நான் உங்கள் இருவருக்கும் சேர்த்து முடிவெடுத்தேன். கடைசியில் இரண்டு பேருமே போய்விட்டீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன், தம்பி. காலையில் பால் வாங்கியவர் மாலையிலும் பால் எடுத்தால் கேட்கிறேன். பத்து வருடமாக வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் போன வாரம், "ஐயா, நேற்றும் ரெண்டு பருப்புப் பை கொண்டு போனனீங்கள்" என்றேன். "என்ர காசு, என்ர பருப்பு, உமக்கென்ன?" என்று பையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

"நீங்கள் கடை நடத்திறியளோ, ஆஸ்பத்திரி நடத்திறியளோ?" என்றாள் என் மனைவி.

வாத்தியாரின் மகளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். மூன்று தடவை மணி அடித்து, "ஹலோ, ஆரது?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது கடைப் பெயரைச் சொன்னேன். பிறகு அப்பா இரண்டாவது தடவை எடுத்த பருப்பைப் பற்றியும் சொன்னேன்.