ஜோதியின் முக்கால் நொடி

ஜெர்மனி
15 ஜனவரி 2024

அன்புள்ள அனுவுக்கு,

பொங்கல் வாழ்த்து. இங்கே பனி. குக்கரில் வைத்த பொங்கல் பொங்காமலே வெந்துவிட்டது.

போன கடிதத்தில், "அந்த இருட்டு ரூம்ல அப்படி என்னதான்டி செய்யுற?" என்று கேட்டிருந்தாய். ஊசிமுனை அளவு துளை வழியாக ஒரு வாயுவை வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறோம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே திசையில் கற்றையாகப் பாயும். அதன் குறுக்கே லேசரை அடித்தால் ஒரு எலக்ட்ரான் கழன்று, மூலக்கூறு அயனியாகிவிடும். அதை மின்புலம் இழுத்துக்கொண்டு போகும். வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்த்தால் அதன் எடை தெரிந்துவிடும். அரியலூரில் எம்.எஸ்ஸி. படித்தபோது இரண்டு பேரும் மனப்பாடம் செய்ததுதான். இப்போது அதை என் கையால் செய்கிறேன்.

இன்னொரு செய்தி. எங்கள் நேரம் அளக்கும் மின்சுற்றைக் கொண்டு பக்கத்து ஆய்வகத்தில் திக்குவாய்க்கு ஒரு கருவி செய்கிறார்கள். கழுத்தில் ஒரு உணரி, மணிக்கட்டில் ஒரு பட்டை. குரல்வளை அதிர்வதை எடுத்து, முக்கால் நொடி கழித்து மணிக்கட்டில் அதிர்வாகத் தருகிறது. சோதனைக்கு ஆள் கேட்டார்கள், நான் போனேன். நேற்று நான்கு நிமிடம் பேசினேன் அனு. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அழுதுவிட்டேன்.

பெரம்பலூரில் உங்கள் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அம்மா மீன்சுருட்டியில் தனியாக இருக்கிறாள். வந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

உன்
ஜோதி

பெரம்பலூர்
28 ஜனவரி 2024

அன்புள்ள ஜோதிக்கு,

நலம். மெயிலில் அனுப்பினாலும் "அன்புள்ள" போட்டு எழுதுகிறாயே, அதற்காகவே உன்னை மன்னிக்கலாம்.

நான் போன வாரம் என் கையால் தொட்டது சாக்பீஸ், ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ கேஜ், அறுபது ரெக்கார்டு நோட்டு. உன் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறாமைதான். நீ நான்கு நிமிடம் பேசியதற்குக்கூட ஒரு நொடி பொறாமைப்பட்டேன். நானில்லாமல் பேசினாயே என்று. உனக்கு நான்தானே வாய்! நம் வைவாவுக்கு வந்த பெரியவர் கடைசியில், "ரெண்டு பேர்ல யாரும்மா ஜோதி?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? பாதிக் கேள்விக்குமேல் உன் பதிலையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

இருக்கட்டும். ஆபீஸ் அம்பிகா மேடம் நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஒங்க ஃப்ரெண்டு ஹெச்.ஓ.டி. போஸ்ட்டுக்குல்ல போட்டுருக்காங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "ஒரு விண்ணப்பம்" என்றுதான் நீ எழுதியிருந்தாய். துறைத்தலைவர் என்ற சொல்லை எழுத மறந்துவிட்டாயா?

இரண்டு வருடமாக நான் இங்கே "பொறுப்பு" துறைத்தலைவர். விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பார்ட் டைமில் பிஎச்.டி.யும் முடித்தேன். வெளியிலிருந்து ஆள் எடுப்பதாக நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. யாரும் சரிப்படவில்லை என்றால் எனக்கே நிரந்தரமாகத் தருவார்களாம். இலவு காத்த கிளி கதைதான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆய்வகமும் இல்லை. வராதே என்று சொல்லவில்லை. யோசித்து வா.

அன்புடன்
அனுசுயா

ஜெர்மனி
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அனு,

கோபத்தில் "அனுசுயா" என்று முழுப்பெயர் போட்டிருக்கிறாய். நான் "உன் ஜோதி"தான்.

மார்ச் ஆறாம் தேதி ஆன்லைனில் நேர்காணல். குழுவில் பாடம் தெரிந்த உறுப்பினர் நீதான் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தைரியமாக இருக்கிறது, உனக்கு எப்படியோ.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவியோடு பேசும்போது நான் ஒரு தொடர் சொல்வேன், பிறகு நிற்பேன். அதிர்வு மணிக்கட்டுக்கு வந்ததும் அடுத்த தொடர். அந்த முக்கால் நொடி திக்கல் இல்லை, காத்திருப்பு. அப்போது பட்டையில் பச்சை விளக்கு எரியும். கையைக் கேமராவுக்குத் தெரியும்படிதான் வைத்துக்கொள்வேன். பிரின்சிபால் சாரிடமும் சொல்லிவை.

இங்கே இன்னொன்றும் அளந்தார்கள். நான் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் சொல்லை எடுத்துக் கொடுத்தார். நல்லெண்ணத்தில்தான். பத்து நிமிடத்தில் என் திக்கல் இரண்டு மடங்கானது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அப்படி. அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்
ஜோதி

பெரம்பலூர்
8 மார்ச் 2024

அன்புள்ள ஜோதி,

மனசைத் தேற்றிக்கொள். நீ நன்றாகத்தான் செய்தாய். வெற்றிடம் எதற்கு என்ற கேள்விக்கு நீ தொடங்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நீ நிற்கும்போது கைகட்டிக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை. வாய் தானாக முந்திக்கொண்டது. பழக்கதோஷம். ஆறேழு தடவை இருக்குமா? அதற்குப் பிறகு நீ உண்மையிலேயே திக்க ஆரம்பித்துவிட்டாய்.

நீ இணைப்பைத் துண்டித்ததும் பிரின்சிபால், "பாவம், பாடம் நல்லாத் தெரிஞ்ச பொண்ணு. ஆனா க்ளாஸ் எடுக்க முடியாதேம்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஆர்டர் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். உனக்கு அங்கே குறை ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அனு

பெரம்பலூர்
2 ஏப்ரல் 2024

ஜோதி,

மூன்றரை வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்க எனக்கு வாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். ஆண்டாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்குப் பேச வரலேன்னதும் நீதான் கூட இருந்து பேசுனியாமே தாயி. நீ நல்லா இருக்கணும்" என்றார். பையிலிருந்து வறுத்த முந்திரியை அள்ளிப் பொட்டலம் கட்டித் திணித்தார். என்ன நடந்ததென்று நீ உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் அந்தப் பொட்டலத்தோடு உடையார்பாளையம் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பச்சை விளக்கு தெரிந்தது. முதல் தடவையே தெரிந்தது. நீ காத்திருக்கிறாய் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன். பிரின்சிபாலிடம் கருவியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. நீ அவ்வளவு அழகாக, அவ்வளவு நிதானமாக ஆரம்பித்தாய். இவள் உள்ளே வந்துவிட்டால் நான் யார் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் எனக்கு வாய்த்துடுக்கு என்று பெயர். அந்த வாயை வைத்துத்தான் நான் கெட்டிக்காரி ஆனேன். உனக்குப் பாடம் தெரியும், எனக்குப் பேசத் தெரியும். உனக்குப் பேச்சும் வந்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்?

நேற்று பிரின்சிபால் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா, நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க, அது மாதிரி பண்ணிட்டியே. சும்மா இருந்தா இன்னும் பத்து நாள்ல ஒனக்கு ஆர்டர் வந்துருக்கும்" என்றார். உனக்கு மறுபடி நேர்காணல் வைக்கச் சொன்னேன். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இப்போதும் உன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

அனுசுயா

ஜெர்மனி
20 மே 2024

அனு,

உன் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும். சோதனைக்காக அந்த நேர்காணலைப் பதிவு செய்திருந்தோம். நான் பேச்சை நிறுத்திய இடத்திலிருந்து உன் குரல் வருவதுவரை அளந்தேன். எட்டு இடம். எல்லாம் அரை நொடிக்குள். பழக்கமாக இருந்தால் முன்னேபின்னே இருக்கும். நீ என் விளக்கு எரிவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாய். அந்த எட்டு எண்களை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உன்னைத் திட்டினேன். தனியறையில் திட்டும்போது ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

உன் ஒரு கேள்விக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. துறைத்தலைவர் என்பதை எழுத மறக்கவில்லை. எழுதிவிட்டு அழித்தேன். நீ இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாய் என்பதும் தெரியும். வேறு ஊரில் வேறு கல்லூரிக்கும் போட்டிருக்கலாம். எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டியிருந்தது. உன் துறையில், உனக்கு மேலே உட்கார்ந்து, நீ வாயை மூடிக்கொண்டு நான் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று ஆசை. பொறாமை உனக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்தாயா? வைவா முடிந்து நான் உனக்கு நன்றி சொன்னேனே, அன்று ராத்திரி முழுக்க உன் வாயைத் தைத்துவிடலாமா என்று யோசித்தேன். உன் அப்பா பரிசளிப்பு விழாவுக்கு வந்து, "எம்பொண்ணு இல்லன்னா அந்தப் புள்ள பாஸாயிருக்காது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். என் அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நீ சிரித்தாய்.

போன வாரம் மறுநேர்காணல் நடந்தது. முப்பத்திரண்டு நிமிடம். விளக்கைப் பற்றி முதலிலேயே நானே சொல்லிவிட்டேன். நான்கு இடத்தில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டேன், கருவியும் கை கொடுக்கவில்லை. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நரகமாக இருந்தது. ஆனால் நான்கையும் நானே முடித்தேன்.

ஆர்டர் வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி சேர்கிறேன்.

நாம் பழையபடி இருப்போமா என்று எனக்குத் தெரியாது. அம்பிகா மேடம் போனில் ஒன்று சொன்னார். "அனுசுயா மேடம் ராஜினாமா எழுதி ட்ராயர்ல வச்சுருக்காங்க. நீங்க சேருற அன்னிக்குக் குடுத்துட்டுப் போயிடுவேன்னு சொல்றாங்க."

நம் கல்லூரியில் எந்த விண்ணப்பமும் துறைத்தலைவர் கையெழுத்தோடுதான் பிரின்சிபாலுக்குப் போக வேண்டுமாம். இரண்டு வருடம் பொறுப்பில் இருந்தவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ராஜினாமாவை என் மேஜைக்குக் கொண்டு வா.

நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜோதி