சங்கிலி படாத ஒரு முழம்

அன்புள்ள டிரைவருக்கு,

உன் வெல்டர் எழுதுவது. நான், பாப்பா, உன் அம்மா மூவரும் நலம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைப் படி. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்தக் கால்வாய்க்கரை வயலில் இறங்கி நடப்பதை நிறுத்து. வேறு யாரையும் நடக்க விடாதே. காரணம் சொல்லாவிட்டால் நீ என் பேச்சைக் கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். அந்த வெளிநாட்டுக் கம்பெனி முகாமில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களாமே. விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்பும் உங்கள் சமையல்காரர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் அம்மா குளிக்கப் போயிருக்கிறார். அதனால் இன்றைக்கு 'நீங்கள்' கிடையாது, 'நீ'தான்.

நம் மாமியார் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தவளைத் தூக்கி வந்து, பெரிய அலுவலகத்துக்கு எதிரே, நாலு சாலை கூடும் இடத்தில் மேடை கட்டி நிறுத்தப் போகிறார்கள். அவளைச் சரிசெய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. முன்னால் உருளை, உருளை நிறையச் சங்கிலி, கண்ணிவெடியை வெடிக்க வைக்க நாள் முழுக்கத் தரையைப் போட்டு அடித்துக்கொண்டு கத்துகிற வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தவன் நீ. "முன்னாடி இவ கத்திட்டுப் போனா பின்னாடி வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். உன் அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. போன வாரம், "மாமியாருக்கு இன்னைக்குப் பெயிண்ட் அடிக்கணும்"னு நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை என்னிடம் பேசவில்லை.

அவள் பக்கத்தில் நின்றதும் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. முதல் வண்டி நினைவிருக்கிறதா? டிராக்டரைச் சுற்றி இரும்புத் தகடு. முன்னால் ரயில் சக்கரங்களைக் கோத்த கனமான உருளை. உருளையின் எடையில் கண்ணிவெடி வெடிக்க வேண்டும் என்பது கணக்கு. வெடிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சக்கரம் போனது. மழை பெய்ததும் வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் ஏர் மாதிரி பற்கள் வைத்து மண்ணைக் கிளறி, வெடியை ஓரமாகத் தள்ளிப் பார்த்தோம். ஓரத்தில் குவிந்ததை யார் எடுப்பது என்று எந்த அதிகாரியும் யோசிக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் முட்டி போட்டு எடுத்தோம்.

அதன்பிறகுதான் நம் பட்டறைக் கமாண்டர் எங்கிருந்தோ ஒரு பழைய பத்திரிகைப் படம் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில், பாலைவனத்தில், ஒரு டாங்கியின் முன்னால் சங்கிலிகள் சுழன்று மணலை அடிக்கிற படம். உருளையைச் சுற்றத் தனி எஞ்சினைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அதை ஓட்ட ஒரு ஆளையும் அதன் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். புழுதியில் அவன் தலை பாதிதான் தெரிந்தது. "இவன் பொண்டாட்டிக்கு இவன் என்ன வேலைன்னு எழுதியிருப்பான்?" என்று நீ கேட்டாய். படத்தில் சங்கிலியின் நீளம் தெரியவில்லை. நாங்கள் குத்துமதிப்பாக வெட்டினோம். முதல் சுற்றிலேயே சங்கிலி வண்டியின் சக்கரப் பட்டையில் சிக்கி, மாமியார் தன் காலைத் தானே கட்டிக்கொண்டு நின்றாள். கமாண்டர்கூடச் சிரித்துவிட்டார். ஆண்களையெல்லாம் சண்டைக்கு அனுப்பிவிட்டுப் பட்டறைக்குப் பெண்களை எடுத்த காலம். எனக்கு வேலையும் தெரியாது, பயமும் தெரியாது. அந்தப் பட்டறையில் இருந்த அளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. போர் நடந்த இடத்தைப் பற்றி இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் கமாண்டர் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். சங்கிலியைப் பற்றவைத்தவரே வண்டி போன தடத்தில் முதலில் நடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அன்றிலிருந்து பட்டறையில் யாரும் அரைகுறையாக ஒட்டவில்லை. நீ முன்னால் புழுதிக்குள் குருடனாகப் போவாய். கமாண்டர் ரேடியோவில், "இடது, இடது, யோவ், இடதுன்னா சோத்துக்கை இல்லைய்யா" என்று கத்துவார். நான் பின்னால் நடப்பேன். அடிபட்ட மண் காலுக்குக் கீழே பொதபொதவென்று இருக்கும். நீ இரண்டாம் முறை வரும்போது முதல் தடத்திலிருந்து விரல் அகலம்கூட விலக மாட்டாய். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் உன்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெடியில் உருளை வளைந்து கதவை அடைத்த அன்று, கேஸ் கட்டர் வைத்து நான் கதவை வெட்டும்போது உள்ளேயிருந்து, "மெதுவா வெட்டும்மா, சட்டை புதுசு" என்றாயே. "வாயை மூடிட்டுப் பின்னாடி நகரு"ன்னு நான் கத்தினேன். நேற்று அதே கதவைப் பற்றவைத்து மூடச் சொன்னார்கள். மேடையில் நிற்கும்போது குழந்தைகள் உள்ளே ஏறிவிடக் கூடாதாம். மூடினேன். மூடும் முன் கொஞ்ச நேரம் உன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

இனி என் வயிற்றெரிச்சல். காட்சிக்கு நிற்கப்போகிற வண்டி என்பதால் ஒரு சங்கிலிகூடக் குறையக் கூடாது என்று உத்தரவு. எல்லாம் புதுச் சங்கிலி, எண்ணெய் போட்டுப் பளபளவென்று தொங்குகிறது. இனி ஒரு பிடி மண்ணைக்கூட அடிக்காத வண்டிக்கு! கல்வெட்டில் திறந்துவைப்பவர் பெயர் இருக்கிறது, அவருக்கு மேலே இருப்பவர் பெயர் இருக்கிறது. ஓட்டியவன் பெயரும் நடந்தவள் பெயரும் இல்லை. நான் கேட்டதற்கு ஒப்பந்தக்காரர், "இடம் இல்லைம்மா" என்றார். அதே கல்லில் பூ வேலைப்பாட்டுக்கு இடம் இருக்கிறது.

அந்தச் சங்கிலிகளை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதத்தில் நீ வேடிக்கையாக எழுதியிருந்தது உறைத்தது. "இங்க இருக்கிற மாமியாருக்கு நடுப்பல் விழுந்துடுச்சு, புதுப்பல் கப்பல்ல வருதாம்" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஓட்டினால் போதும் என்று கம்பெனி சொன்னதாக எழுதியிருந்தாய். இன்னும் கீழே, "இங்கே சங்கிலி ஒட்டுகிறவன் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறான், அதனால் நம் வழக்கப்படி நானே இறங்கி முதலில் நடக்கிறேன்" என்று பெருமையாக எழுதியிருந்தாய்.

நான் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன். நடுவில் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் அறுந்து போனால் அந்த இடத்தில் ஒரு முழம் மண் அடிபடாது. வேறொருவன் ஓட்டினால் இரண்டாம் முறை இப்படி அப்படி விலகுவான், அந்த முழமும் அடிபட்டுவிடும். நீ விலக மாட்டாய். இரண்டாவது முறையும் சங்கிலி இல்லாத அந்த ஓட்டை அதே முழத்தின் மேல்தான் போயிருக்கும். நீ தடத்தின் நடுவில்தான் நடப்பாய். இதுவரை உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் உன் திறமை இல்லை.

அறுவடைக்கு முன்பே அந்த வயலை ஊர்ப் பெண்களிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நிலப்பரப்பை அளந்து காசு வாங்குகிற கம்பெனிக்கு அந்த ஒரு முழம் எதற்கு?

அதனால் இதைச் செய். அதே வயலில் மறுபடி ஓட்டு. இந்த முறை பழைய தடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி ஓட்டு. நல்ல சங்கிலி அந்த முழத்தின் மேல் விழும், ஓட்டை, ஏற்கனவே அடிபட்ட மண்ணில் விழும். புதுச் சங்கிலிக்குக் காத்திருக்க வேண்டாம். உனக்குக் கை கூசும், கோடு கெட்டுப்போன மாதிரி இருக்கும். கூசட்டும். அனுமதி கேட்காதே. கேட்டால் டீசல் கணக்கைக் காட்டி மறுப்பார்கள். அதுவரை வரப்பில் கயிறு கட்டு. அந்தப் பெண்களின் மொழி உனக்கு வராவிட்டால் கையைக் காட்டி மறி, சண்டை போடு, பைத்தியக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பாப்பா பார்த்தாள். "அப்பா வண்டி ஏம்மா மண்ணை அடிக்குது, மண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?"ன்னு கேட்டாள். அப்பா வந்து சொல்வார் என்றிருக்கிறேன். நீ வந்து சொல்.

"இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணு" என்று கேட்டிருந்தாய். இரண்டு வாரமாக இதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். வா என்று எழுதினால் வீட்டு நிலைமை தெரியாதவள் ஆகிவிடுவேன், இரு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது பிரச்சினை இல்லை. கேட்காமல் மூன்றாவது முறை ஓட்டியவனை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. அவர்களே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதுதான் என் பதில். வண்டியை விட்டு இறங்காமல், தள்ளி ஓட்டு.

இப்படிக்கு,
உன் வெல்டர்