தொட்டிலில் மாட்டிய முட்டைக்கோஸ்

நெபோய்ஷா,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. குழந்தை இஸ்க்ராவோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

உன் அம்மா அனுப்பிய மரத்தொட்டில் வந்தது. ஒரே பிசுக்கு, பெயின்ட் வேறு உரிகிறது. "மூணு புள்ளைங்க படுத்து வளந்த தொட்டில் ஸோரிட்சா, இதுக்கென்ன குறைச்சல்?" என்று போனில் பெருமை வேறு.

இதன் பக்கக் கட்டைகளுக்கு நடுவேதானே சின்ன வயதில் உன் தலை மாட்டி, உன் அப்பா ஒரு கட்டையை ரம்பத்தால் அறுத்தார்? அதை திரும்ப ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் உங்கள் குடும்பக் காவல் புனிதரின் திருநாள் விருந்தில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், சே!

இஸ்க்ராவின் தலையளவு முட்டைக்கோஸ் ஒன்றை அந்தக் கட்டைகளுக்கு நடுவே அழுத்தினேன். போனது, திரும்ப வரவில்லை.

பி.கு.: ரம்பத்தை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். முட்டைக்கோஸைக் கையாலேயே எடு. அப்போதும் சிரிப்பு வந்தால் போன் செய்.

ஸோரிட்சா