தேருக்கடியில் கழன்ற சட்டை

மரியாதைக்குரிய ஏட்டையாவுக்கு,

அன்றைக்குத் தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், எதிர்வீட்டுப் பட்டம்மா, பூ விற்கும் முனியம்மா, சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆறுமுகம், நீங்கள். தேருக்கு அடியில், இருட்டில், பட்டம்மாவின் நாலு வயசுப் பெண் கற்பகம். வேறு ஒருவரும் இல்லை. நடந்ததை யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். இத்தனை வருஷமாக நான் சொல்லவில்லை.

இன்று காலை திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஒரு இளம் கான்ஸ்டபிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மோர் குடிக்கும்போது தொப்பியைக் கழற்றி வாசற்படியில் வைத்தார். பக்கத்து வீட்டுப் பொடிசு அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஓட்டம். "ஏய், குட்றா அத! வேலை பூடும்டா எனக்கு!" என்று அவர் பின்னாலேயே ஓட, தெருவே சிரித்தது. மீட்ட தொப்பியை யாரோ என் கையில் கொடுத்தார்கள். கஞ்சியும் வேர்வையும் கலந்த அந்த வாசனை! நீங்களே வந்து நிற்கிறாற்போல் இருந்தது. சந்தோஷத்தில் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் சொம்பு மோரும் கொடுத்துவிட்டேன்.

அவர் கொண்டுவந்த சேதி இது. வரும் தேர்த் திருவிழாவில், காணாமற்போன குழந்தைகளுக்கான பந்தலில் இந்த வருஷம் மைக் செட் வைக்கிறார்களாம். "பந்தல் எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீங்கதான் மொதல்ல பேசணுமாம். புது இன்ஸ்பெக்டர் அய்யா சொல்லிக்கினு வரச் சொன்னாரு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானாவது, மைக்கிலாவது!

ஆனால் பந்தல் எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால், உங்கள் சட்டையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி?

நயா பைசா புதிதாக வந்து, வீட்டுக் கணக்கெழுத நான் திண்டாடிய வருஷம் அது. அப்போதெல்லாம் நம் ஊர்த் தாய்மார் பிள்ளைகளுக்குச் சோறூட்டியதே உங்கள் ஆட்களைக் காட்டித்தான். "துன்னு. துன்னலன்னா செவப்புத் தொப்பிக்காரன் வந்து புடிச்சிக்கினு பூடுவான்!" பட்டம்மா இதில் எல்லோரையும் மிஞ்சினவள். அவள் குரல் எழுந்தால் தெருக்கோடிப் பிள்ளைகளும் சேர்ந்து விழுங்கும்.

தேரன்று கிளியனூர்ப் பக்கத்து வண்டிகளெல்லாம் வந்து இறங்கியிருந்தன. அந்தக் கூட்டத்தில் கற்பகம் கை நழுவிப் போனாள். பட்டம்மா அலற, நீங்கள் விசில் ஊதிக்கொண்டு வந்தீர்கள். தேங்காய்க் கடை ஓரம் அழுதுகொண்டு நின்ற குழந்தை உங்களைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், குடுகுடுவென்று தேருக்கடியில் நுழைந்துவிட்டாள்.

நீங்கள் குனிந்து, "பாப்பா, வா கண்ணு" என்றீர்கள். உள்ளேயிருந்து ஒரே கூச்சல்: "நான் துன்ட்டேன்! நான் எல்லாம் துன்ட்டேன்!"

பட்டம்மா கூப்பிட்டாள். உங்கள் பக்கத்தில் நின்று கூப்பிட்டதால், அம்மாவே பிடித்துக் கொடுக்கிறாள் என்று குழந்தை இன்னும் உள்ளே போய் அச்சுக்கட்டையைக் கட்டிக்கொண்டாள். முன்னால் வடம் பிடித்தவர்கள் தயாராக நிற்கிறார்கள். மேளச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

"ஏட்டையா, ஜல்தி! வாணம் வுட்டா இழுத்துடுவானுங்க. அத்தினி ஜனம் இழுத்தா என் கட்டை நிக்காது!" என்று ஆறுமுகம் கத்தினார். நான் அம்மனைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட?

நீங்கள் பட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தீர்கள். "என்னப் பத்தி என்னாம்மா சொல்லி வெச்சிக்கிறீங்க?" அவ்வளவுதான். தொப்பி, விசில், பெல்ட், சட்டை எல்லாம் மளமளவென்று என் கைக்கு வந்தன. வெறும் உடம்போடு, அரைக்கால் சட்டையோடு, மண்ணில் படுத்து உள்ளே ஊர்ந்தீர்கள்.

நான் குனிந்து கேட்டேன். நீங்கள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாப்பா, நான் போலீஸ் இல்ல. அந்தப் போலீஸ்காரன் என்னையும்தான் தேடிக்கினு கீறான். நானும் இன்னிக்குச் சோறு துன்னல. ரெண்டு பேரும் ஓடிப் பூடலாம், வா."

உள்ளே கூச்சல் நின்றது. பிறகு, "நீ ஏன் துன்னல?" என்று ஒரு சின்னக் குரல்.

உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்ததும் வாணம் சீறியதும் ஒன்றாக இருந்தன. தேர் நகர்ந்தது. பட்டம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அப்போதுதானா உங்கள் இன்ஸ்பெக்டர் வர வேண்டும்! சீருடை விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரியும். "என்னய்யா கோலம் இது? டியூட்டியில சட்டை எங்க?" உங்கள் முகம் செத்துப் போனது. சட்டையோ என் கையில். வேலைக்கே உலை வைக்கக்கூடிய கேள்வி. எனக்கு எங்கிருந்து வந்ததோ, "வேண்டுதலுங்க. அங்கப்பிரதட்சணம்" என்றேன். முனியம்மா விடவில்லை: "பாருங்க சாமி, ஒடம்பெல்லாம் மண்ணு!" அவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி சரி, முடிச்சிட்டு சட்டைய மாட்டு" என்று போய்விட்டார்.

மறுநாள் விடிகாலையில் ஈரத் துணியோடு நீங்கள் கோயிலில் நின்றீர்கள். "அம்மன் பேர்ல சொன்னது பொய்யாப் பூடக் கூடாது தங்கச்சி" என்று பிராகாரம் முழுக்க உருண்டீர்கள். "மல்லாட்டை மூட்டை உருளுற மாதிரி கீது" என்று முனியம்மா உங்களை வேர்க்கடலை மூட்டையாக்க, உருண்டுகொண்டே சிரித்தீர்களே! நான் அன்று கும்பிட்ட கும்பிடு பாதி அம்மனுக்கு, பாதி உங்களுக்கு.

அதற்குப் பிறகுதான் நீங்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக வர ஆரம்பித்தீர்கள். "பயப்படுற புள்ளைய என்னால காப்பாத்த முடியாதும்மா" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று தொப்பி போட்டுக்கொள்வார்கள். போட்டவன் தன் பேர், அப்பா பேர், தெருப் பேர் சொல்ல வேண்டும். பந்தல் போட்டு, போலீஸோடு எங்களையும் உட்கார வைத்தீர்கள். முதலில் வந்து உட்கார்ந்தவள் பட்டம்மா. விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போய் அங்கேயும் இதையே செய்தீர்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு, நீங்கள் இல்லை என்ற சேதியும் அங்கிருந்தே வந்தது.

இன்று காலை தொப்பியோடு ஓடிய பொடிசின் முகத்தில் பயம் என்பதே இல்லை. அதுதான் நீங்கள் விட்டுப் போனது. நான் வருஷா வருஷம் பந்தலுக்குச் சுமந்துகொண்டு போவதும் அதைத்தான்.

கற்பகம் வளர்ந்துவிட்டாள்; இந்த வருஷம் பந்தலில் என் பக்கத்தில் உட்காரப் போகிறாள். அவளுக்கு எதுவுமே ஞாபகமில்லை. மைக்கில் எல்லாவற்றையும், அந்த வேண்டுதல் வந்த கதை உட்பட, சொல்லிவிட எனக்கு நாக்குத் துடிக்கிறது. ஆனால் வாக்கு உங்களுக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துக் கேட்கப் போகிறேன். வெள்ளை வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். சிவப்பு வந்தால் நீங்கள் சொல்லச் சொன்னதாக எடுத்துக்கொள்வேன்.

தேருக்கு அதிக நாள் இல்லை, ஏட்டையா. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.